பொட்டில்லாத படம்

1

என் போன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. கண்ணாடியைக்கூடப் போடாமல் நான் பதில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு அருப்புக்கோட்டையில் என் அண்ணன், "மல்லிகாவுக்கு எப்பவும் அவசரம்தான்" என்று சொல்வான். சொல்லட்டும். உண்மைதானே.

அன்று என் மாமனாரை சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பைபாஸ் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் எடுக்கவேண்டிய சோதனைகளுக்காக எண் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் எண் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். மாமா தூங்கினார். நான் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். படங்கள் இருக்கும் இடத்தில் இரண்டு சின்ன வட்டங்களைக் காட்டி அது கேட்டது: "இருவரும் ஒரே நபரா?"

ஒரு வட்டத்தில் என் மாமியார், அதாவது அத்தை. இன்னொரு வட்டத்திலும் அத்தை. கீழே ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று பொத்தான்கள். இதையெல்லாமா கேட்பார்கள் என்று 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டுச் சமையல் வீடியோ பார்க்கப் போய்விட்டேன்.

இந்த போனுக்கு முகங்களைப் பிரித்து அடுக்கும் புத்தி உண்டு. இன்னார் இன்னார் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் அவரவர் படத்தை அவரவர் பெயரில் சேர்த்துவிடும். அப்படிச் சேர்ந்தவை எங்கள் ஹாலில் இருக்கும் மின்சட்டத்துக்குத் தானாகப் போய்விடும். குட்டி டிவி மாதிரி அலமாரியில் நின்றுகொண்டு பத்து நொடிக்கு ஒரு குடும்பப் படத்தைக் காட்டுவதுதான் அந்தச் சட்டத்தின் வேலை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் கயல் வாங்கி வந்தது. மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராததற்கு ஈடாக அதை வைத்துவிட்டுப் போனாள் என்று நான் சொல்வேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாள் காலை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து ஒரு அலறல். மாமாவுக்குத்தான் என்னவோ என்று கையில் இருந்த ஈரத்துணியோடு ஓடினேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து மிரண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் சட்டத்தின் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"என் பொட்டை அழிச்சது யாருலா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தாலி கட்டினவரு உசுரோட உக்காந்திருக்காரு. அடுத்த வாரம் அவரு நெஞ்சைத் திறக்கப் போறாங்க. இப்பப் போயி என் மூஞ்சியிலே பொட்டை அழிச்சிப் படம் போட்டு வச்சிருக்கியே மல்லிகா! ஒனக்கு நான் என்னா பாவம் செஞ்சேன்?"

சட்டத்தில் அத்தையின் முகம் இருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் இல்லை. மூக்குத்தி இல்லை. பத்து நொடி முடிந்து கயல் பட்டம் வாங்கிய படம் வந்து நின்றது.

2

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். என் மாமியார் லெட்சுமி பிறப்பால் சீனர்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் எனக்கும் இது தெரியாது. பெண் பார்க்க மாமாவும் மாப்பிள்ளையும்தான் அருப்புக்கோட்டைக்கு வந்தார்கள். அத்தைக்குப் பாஸ்போர்ட் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றார்கள். கல்யாணமும் அவர் இல்லாமலே முடிந்தது. நான் செண்டாயான் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு, அதாவது எஸ்டேட்டுக்கு, வந்து இறங்கியபோது வாசலில் ஆரத்தித் தட்டோடு ஒரு சீன அம்மாள் பட்டுச் சேலையில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும், பழக்கத்தில் உதவிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் பெரிய பொட்டும் கொண்டையுமாக நின்ற ஒரு தமிழ் அம்மாளின் காலில் போய் விழுந்தேன். அந்த அம்மாள் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்து ஆயா.

"ஏ புள்ள, மாமியா இங்க நிக்கிறேன்லா!" என்றார் சீன அம்மாள்.

இதைச் சொல்லிச் சொல்லி இருபத்து நான்கு வருடமாக என் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இங்கே இது அதிசயமில்லை. அந்தக் காலத்தில் பெண் குழந்தை அதிகம் என்றோ, பிறந்த நேரம் சரியில்லை என்றோ சில சீனக் குடும்பங்கள் பிள்ளையைக் கொடுத்துவிடும். பிள்ளையில்லாத தமிழர்கள் வாங்கி வளர்ப்பார்கள். பல தோட்டங்களில் இப்படி ஒரு லெட்சுமியோ மாரியாயியோ இருப்பார். அத்தை இருபது நாள் பிள்ளையாக வந்தவர். ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்த ஒரு தம்பதி அவரை வளர்த்தார்கள். அவர்களோடு பால்மரம் சீவினார். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபிறகு பழம் பொறுக்கினார். தீ மிதித்திருக்கிறார். கெட்ட வார்த்தை சொல்ல ஆரம்பித்தால் எங்கள் ஊர்ச் சந்தைக்காரர்கள் பாடம் கேட்க வேண்டும். சீனம் ஒரு சொல்கூடத் தெரியாது.

கொஞ்ச காலத்தில் அவர் சீனர் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நானும்தான் மாறிப்போனேன். ஊருக்குப் போன் பேசும்போது காரைக் 'காடி' என்றும் ரோட்டை 'சடக்கு' என்றும் சொல்லித் தொலைப்பேன், அண்ணன் சிரிப்பான். ஆனால் அலுவலகங்களுக்கு மறக்காது. ஆரம்பத்தில் வருடா வருடம் என் விசாவைப் புதுப்பிக்க அத்தைதான் துணைக்கு வருவார். கவுண்டரில் இருப்பவர் என்னைவிட அவரைத்தான் அதிக நேரம் பார்ப்பார். அடையாள அட்டையில் லெட்சுமி, தகப்பன் பெயர் முனியாண்டி. மேலே சீன முகம். அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் யார் என்று விசாரிக்க வந்த இடத்தில் அத்தை யார் என்ற விசாரணைதான் நடக்கும்.

டவுனில் சீனக் கடைகளுக்குப் போனால் வேறு கூத்து. அவர்கள் சீனத்தில் பேசுவார்கள், இவர் மலாயில் பதில் சொல்வார். சொந்த பாஷையை மறந்தவள் என்று சிலர் முகத்துக்கு நேராகவே சிடுசிடுப்பார்களாம். அதனால் அவர் சிரம்பான் பாசாருக்குப் போவதையே விட்டுவிட்டார். சந்தையைத்தான் இங்கே பாசார் என்கிறோம். காய்கறி வாங்குவது என் பாடு.

இந்த வருடம் உதவித்தொகைக்குப் போனிலேயே முகத்தைப் பதிய வேண்டும் என்று ஒரு செயலி வந்தது. கண்ணைச் சிமிட்டு, இடப்பக்கம் திரும்பு என்றது. அத்தை சிமிட்டினார், திரும்பினார். ஒரே தடவையில் பச்சை விளக்கு. அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

"பாத்தியா? இது ஒண்ணுக்குத்தான் என் மேலே சந்தேகம் வரலே."

3

அப்படிப்பட்ட போன்தான் இப்போது தன் பொட்டை அழித்துவிட்டது என்று அத்தை நம்பினார். நம்பியதில் தப்பில்லை. போன தீபாவளிக்கு வந்த கயல், ஏதோ ஒரு செயலியில் அத்தைக்கு நாய்க் காது வைத்துக் காட்டியிருக்கிறாள். இன்னொன்றில் மாமாவுக்குத் தலைநிறைய முடி வைத்தாள். காது வைக்கத் தெரிந்த சாமானுக்குப் பொட்டு எடுக்கத் தெரியாதா?

"சத்தியமா நான் தொடலை அத்தை. திரும்ப வரட்டும், பாப்போம்."

சட்டத்தில் ஐம்பது படத்துக்கு மேல் இருந்தது. பத்து நொடிக்கு ஒன்றாக வரவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சாமி ஊர்வலத்துக்கு நிற்பதுபோல நின்றோம். கயலின் பிறந்தநாள் வந்தது. என் வீட்டுக்காரர் செல்வம் மில்லில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனபோது மாலை போட்டுக்கொண்ட படம் வந்தது. பத்துமலைக்குப் போன படம் வந்தது. கடைசியில் அந்த முகம் வந்தது. விரலை வைத்து நிறுத்தினேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"இந்தச் சட்டை என்கிட்ட இல்லையே."

பூப்போட்ட சட்டை. கழுத்தில் ஏப்ரன் கயிறு.

"காதுலே ஓட்டையும் இல்லே" என்றார். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகப் பின்னால் வந்து மாமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா "லெட்சுமி" என்று ஒரு தரம் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

நான் போனை எடுத்து அந்த வட்டம் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று தேடினேன். படத்தில் முன்னால் நான்தான் நிற்கிறேன், கையில் தவ்ஃபூ பையோடு, எல்லாப் பல்லும் தெரிய. தவ்ஃபூ என்பது சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் கட்டி, நம் பன்னீர் மாதிரி. எனக்குப் பின்னால் கடைக்கார அம்மா நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த அம்மாவிடம் நான் எத்தனையோ வருடமாக வாங்குகிறேன். ஐந்து துண்டு கேட்டால் ஆறு போடுவார். அதைப் பெருமையடித்துக் கயலுக்கு அனுப்பத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் என் மாமியார் முகத்துக்கு எதிரே நின்று பேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து அதே முகத்தோடு சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள்கூட எனக்குத் தெரியவில்லை. அங்கே சீனக் கடைக்காரியைப் பார்த்தேன், இங்கே அத்தையைப் பார்த்தேன். முகத்தை எங்கே பார்த்தேன்?

சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு வந்துதான் அத்தை வாயைத் திறந்தார்.

"வீடு நிறைய பொம்பளப் புள்ளைங்க, கஞ்சிக்கு வழியில்லே, அதான் கொடுத்தாங்கன்னு எங்கப்பா சொன்னாரு. சரி, பாவம், என்னா செய்வாங்கன்னு விட்டுட்டேன். ஒரு நாளும் நான் கோவிச்சுக்கலே மல்லிகா. ஆனா ரெண்டு பேரு இருந்திருக்கோம். ஒரே மூஞ்சி. அவளை வச்சிக்கிட்டாங்க."

அறுபத்தாறு வயதில் ஒருவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. படத்தை அழித்துவிடுகிறேன் அத்தை என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் காலையில் பார்த்தால் மின்சட்டத்தின் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அந்தப் படம் வரும்போது சரியாக நெற்றியில் பொருந்தும்படி, காத்திருந்து ஒட்டியிருக்கிறார்.

"என் மூஞ்சி பொட்டில்லாம இந்த வீட்டுலே இருக்கக் கூடாது. அவரு நல்லபடியா வீடு வர்ற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

மற்ற படங்களுக்கு அது பொருந்துமா? கயலுக்குக் கன்னத்தில் வந்தது. செல்வத்துக்கு வாய்க்குள் போயிற்று. பத்துமலையில் முருகன் முழங்காலில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

4

கயலிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை, வீடியோவில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டு படத்தையும் அனுப்பினேன். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்மா! பாட்டிக்கு ட்வின்னா? ஓ மை காட். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டா வெடிக்கும்லா ம்மா! யாரு என்னான்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சுக் கொடுத்துருவாங்க."

"யாரு கண்டுபிடிப்பாங்க?"

"நெட்ல உள்ளவங்க. எல்லாரும்."

பாட்டி அழுத அழுகையைச் சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான்தான் பாலூட்டினேனா என்று இருந்தது. கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க ம்மா" என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது. "பாட்டிக்கு வயசு என்னா ஆகுது? அந்த ஆண்ட்டிக்கும் அதே வயசுதானே? இன்னும் எத்தனை நாளு இருக்கப் போறாங்க? நீங்க எல்லாரும் இப்படியே அமுக்கி அமுக்கி வச்சுருவீங்க. சரி, போஸ்ட் வேணாம். டிஎன்ஏ கிட் வாங்குவோம். ஒரு குழாயிலே எச்சி துப்பி அனுப்பினாப் போதும், எல்லாம் வந்துரும்."

அத்தை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் போனைப் பார்த்துச் சொன்னார்: "நான் யாருன்னு தெரிஞ்சுக்க எவனோ ஒருத்தனுக்கு என் எச்சியை அனுப்பணுமாலா? போயி சோத்தைத் தின்னு."

யாருக்கும் காட்டமாட்டேன் என்று என் தலைமேல் சத்தியம் செய் என்றேன். போனை வைத்த பிறகு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. இந்தக் காலத்துச் சத்தியம் அதுதான் போலிருக்கிறது. ஆனால் அதை அவள் காப்பாற்றினாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

5

மாமாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டார். அன்று காலை செல்வத்தை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு நானும் அத்தையும் வீட்டுக்குக் கிளம்பினோம். காடியில் ஏறியதும் அத்தை கேட்டார்.

"அந்தப் போனு எப்பிடிலா கேட்டுச்சு?"

சொன்னேன். நமக்கு ஒரு ஆளுடைய படம் வந்தால், ஏற்கெனவே இருக்கிற முகத்தோடு ஒத்துப் பார்க்கும், சந்தேகம் வந்தால் நம்மிடம் கேட்கும் என்றேன்.

"எல்லாரு போனும் கேக்குமா?"

"நெறைய போன் கேக்கும் அத்தை."

"ரெண்டு பேரும் சேந்தாப்புலே ஒரே படத்துலே நின்னா?"

"அப்பக் கேக்காது. பக்கத்துல பக்கத்துல நின்னா ரெண்டு ஆளுன்னு அதுக்கே தெரிஞ்சுரும். தனித்தனியா இருந்தாத்தான் குழம்பும்."

"பொட்டு இருந்தா?"

"பொட்டு, மூக்குத்தி, சேலை எதையும் அது பாக்காது. கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்ளோ தூரம், மூக்கு எங்க முடியுது, அதைத்தான் பாக்கும்."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பாசாருக்கு விடு" என்றார்.

வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். ஈரத் தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான்தான் தடுமாறினேன்.

கடைக்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் ஒரு பலகையும் தண்ணீரில் மிதக்கும் தவ்ஃபூவும்தான். பக்கத்தில் மீன் விற்பவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்க வந்தவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள். கடைக்கார அம்மாவுக்கே தெரியவில்லை. அவர் கண்ணுக்குச் சேலை கட்டிய ஒரு அம்மாள், அவ்வளவுதான். நானே பார்க்காததை அவர் எப்படிப் பார்ப்பார்?

மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். நம் பேச்சில் தருகிறேன்.

"அஞ்சு துண்டு குடுங்க. ரொம்ப நாளா கடை போட்டிருக்கீங்களா?"

"எங்கம்மா கடை ஆண்ட்டி. அம்மா போயி பத்து வருஷம் ஆவுது."

"கூடப் பொறந்தவங்க?"

"அஞ்சு பேரு. என்கூடவே ஒண்ணு பொறந்துச்சு. ரெட்டை. இருபது நாள்லே காய்ச்சல் வந்து செத்துப்போச்சுன்னு அம்மா சொல்லுவாங்க."

அத்தையின் கை பலகையைப் பிடித்தது.

"செத்துப்போச்சா?"

"ஆமா ஆண்ட்டி. பாவம்."

அவர் பாட்டுக்குத் துண்டுகளைப் பையில் போட்டார். ஐந்து போட்டார். கரண்டி திரும்பப் போய் இன்னொன்றை எடுத்து வந்து போட்டது.

"நான் அஞ்சுதானே கேட்டேன்?"

கடைக்கார அம்மா சிரித்தார். "இது எங்கம்மா பழக்கம். சேலை கட்டி எஸ்டேட்டுலேர்ந்து யாரு வந்தாலும் ஒண்ணு கூடப் போடுவாங்க. ஏம்மா இவங்களுக்கு மட்டும்னு கேட்டா என்னைத் திட்டுவாங்க. எதுக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லலே. நானும் போட்டுக்கிட்டே இருக்கேன்."

இவருக்கு என்னைப் பிடிக்கும், அதனால்தான் போடுகிறார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அந்த ஆறாவது துண்டு எனக்கென்று வந்ததே இல்லை.

இப்போது அத்தை சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. ஆனால் வந்தது வேறு பேச்சு.

"என் மருமக போனுலே சார்ஜு இல்லே. ஆஸ்பத்திரிலே இருக்கிற என் வீட்டுக்காரருக்குக் காட்டணும். உங்க போனுலே என்னை மட்டும் ஒரு படம் எடுத்து இவ நம்பருக்கு அனுப்புறீங்களா?"

"என் போன்ல சார்ஜ் இருக்கு அத்தை" என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். என் கையில் ஒரு கிள்ளு விழுந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அத்தை தவ்ஃபூ பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து நின்றார். படம் எடுப்பதென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், கண்ணாடியையும் கழற்றிவிட்டு நின்றார்.

காடிக்குள் வந்து உட்கார்ந்ததும் தவ்ஃபூ பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா, அவ அம்மா பொய் சொன்னாங்கன்னு நான் சொன்ன மாதிரி ஆயிரும். செத்துப்போன பொம்பளையை மக முன்னாடி வச்சு அப்படிச் சொல்லணுமாலா? நான் சொல்ல மாட்டேன். அவங்க போனு கேக்கட்டும். ஆமான்னு தட்டுறதோ இல்லேன்னு தட்டுறதோ அவங்க பாடு."

வீட்டுக்கு வந்து மிளகாய் அரைத்து ஐந்து துண்டைச் சம்பல் செய்தோம். ஆறாவதை அடுப்படியில் நின்றபடியே அத்தை தனியாகச் சாப்பிட்டார்.

6

அந்தப் படம் அன்றே என் போனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அத்தை தினமும் கேட்டார். "ஏதாச்சும் வந்துச்சா?" இல்லை அத்தை. காலையில் கேட்பார், மாமாவுக்கு மருந்து கொடுத்த கையோடு கேட்பார். மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் சட்டத்திலிருந்த பொட்டை அத்தை எடுக்கவில்லை. நானும் பாசார் பக்கம் போகவில்லை. போனால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

ஒரு சனிக்கிழமை கயல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வசதியை நிறுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு, கேள்வி வந்தாலும் பார்க்காமல் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு என்று பக்குவமாகச் சொன்னாள். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"தள்ளிவிட்டா தள்ளட்டும்லா. ஒரு தடவை தள்ளினவங்கதானே."

கயல் எழுந்துபோய் அறைக்குள் அழுதாள். இரண்டு நாள் லீவு போட்டு எங்களோடு இருந்தாள்.

இந்த நாட்டில் எத்தனை கவுண்டர்களில் நின்று எத்தனை நகல்களைக் கொடுத்து நான் இன்னார் என்று நிரூபித்திருக்கிறேன். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் படிவம் இருந்தது, கையெழுத்துப் போட இடம் இருந்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து விரலால் தட்டிய அந்த ஒரு 'ஆம்' அதையெல்லாம்விடப் பெரிதாகிவிட்டது. தட்டாமல் இருந்திருக்கலாமோ என்று பல தடவை நினைத்தேன்.

நேற்று மத்தியானம் மாமா கண் அயர்ந்திருந்தார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் போன் கத்தியது. அந்த நம்பர்.

ஒரே ஒரு படம். கடைக்கார அம்மாவின் முகம், வெகு கிட்டத்தில் எடுத்தது. சிரிக்கவில்லை, கண் சிவந்திருந்தது. அவர் நெற்றியில் அவர் வீட்டுப் பிள்ளைகள் யாரோ ஒரு செயலியை வைத்துச் சிவப்பாக வட்டமாய் ஒரு பொட்டை வரைந்திருந்தார்கள். கீழே மலாயில் ஒரே ஒரு சொல்: "சாமா?" ஒன்றுதானா என்று அர்த்தம்.

போனை அத்தையிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மடியில் இருந்த கீரை தரையில் சரிந்தது.

"நான் என்ன பதில் போடட்டும் அத்தை?"

"பொட்டை எவ்ளோ மேலே வச்சிருக்காங்க பாருலா" என்றார். தன் புருவத்துக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க வரணும்."

எழுந்து அலமாரிக்குப் போனார். சட்டத்தின் கண்ணாடியில் இருந்த பொட்டை நகத்தால் பெயர்த்து எடுத்து விரலில் ஒட்டிப் பார்த்தார். ஒட்டாமல் விழுந்தது.

"பசை போயிருச்சு. என் ரூம்புலே புது அட்டை இருக்கு, எடுத்துக்கிட்டு வா. போனுலே எதுக்குப் பதிலு? நானே போயி வச்சு விடுறேன். காடியை எடு மல்லிகா."